போர்ச் செய்தி முடிந்து திரும்பிய பிறகு: காத்திருப்பதா, பேசுவதா, சிகிச்சைக்குப் போவதா?

"மூணு வாரமா சரியான தூக்கம் இல்லை. இது தானா சரியாயிடுமா, இல்ல யாரையாவது பார்க்கணுமா? பார்க்கணும்னா யாரை?"

போர், கலவரம், பேரிடர் என்று போய்விட்டு வந்த செய்தியாளர்களிடமிருந்து இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. சர்வதேசச் செய்தி மேசையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். களத்துக்குப் போகிறவர்களை வழியனுப்புவதும், அவர்கள் அனுப்பும் காட்சிகளைப் பார்த்து வெட்டித் தொகுப்பதும், வந்த பிறகு அவர்கள் பேசுவதைக் கேட்பதும் என் வேலையாக இருந்தது.

எங்களோடு இருந்த ஒரு ஒளிப்பதிவாளர் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். வாசல் கதவுக்குப் பக்கத்தில் அவருடைய பை அப்படியே இருந்தது. ஜிப்பின் பற்களுக்கு நடுவே சிமெண்ட் தூசி. அவர் திரும்பி வந்து அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது. "ஏன்ப்பா இன்னும் பிரிக்கலை?" என்று கேட்டேன். "அடுத்த மாசம் மறுபடி போகத்தானே போறேன் அண்ணே" என்றார். கிளம்பும்போது அவர் மனைவி வெளியே வந்து சொன்னார்: அந்தப் பையை யாரும் தொடக்கூடாதாம். ராத்திரி ஹாலில்தான் படுக்கிறாராம், கதவைப் பார்த்தபடி.

அவரும் யோசனை கேட்காமல் இல்லை. ஒருவர் லீவு போடச் சொன்னார். ஒருவர் மாத்திரை எடுக்கச் சொன்னார். இன்னொருவர் ஆபீஸ் கவுன்சலரைப் பார்க்கச் சொன்னார். மூன்றுமே தப்பான யோசனை இல்லை. எந்த நிலையில் எது என்றுதான் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் ஒன்று. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு உங்களுக்கு வந்திருந்தால் இந்த ஒப்பீட்டை இப்போது படிக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

## எது நோய், எது நோய் இல்லை

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, அதாவது பி.டி.எஸ்.டி., 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அந்தப் பெயரோடு இடம் பிடித்தது. அறிகுறிகளை நான்கு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். நடந்தது கனவாகவோ நினைவாகவோ கூப்பிடாமலே வருவது முதலாவது. அதை நினைவுபடுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது இரண்டாவது. குற்ற உணர்வு, மரத்துப்போன மனம், யாரையும் நம்ப முடியாமை ஆகியவை மூன்றாவது. தூக்கமின்மை, திடுக்கிடல், சட்டென்று வரும் கோபம் நான்காவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ வீட்டையோ பாதித்தால்தான் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். அந்த ஒரு மாதக் கணக்கை மனதில் வையுங்கள். கீழே வரும் முடிவுகளில் பாதி அதை வைத்துத்தான்.

இன்னொரு விஷயம் மேசையில் இருப்பவர்களுக்கு. அதே கையேட்டின் 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில், டிவியிலோ இணையத்திலோ கொடூரக் காட்சியைப் பார்ப்பது பொதுவாகக் கணக்கில் வராது என்று எழுதிவிட்டு, வேலைக்காகப் பார்ப்பதை மட்டும் விலக்காக வைத்தார்கள். ஆக, களத்துக்கே போகாமல் நாள் முழுக்கக் காட்சிகளைச் சரிபார்க்கிறவருக்கும் இந்த நோய் வரலாம் என்பது கையேட்டிலேயே இருக்கிறது. "நான் என்ன குண்டடியா பட்டேன்" என்று தயங்க வேண்டியதில்லை.

டொரண்டோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் அந்தோணி ஃபைன்ஸ்டீனும் அவரது குழுவினரும் 140 போர்ச் செய்தியாளர்களை, போருக்குப் போகாத 107 செய்தியாளர்களோடு ஒப்பிட்டு 2002இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். போர்ச் செய்தியாளர்களில் 28.6 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பி.டி.எஸ்.டி. இருந்தது. தீவிர மனச்சோர்வு 21.4 சதவீதம் பேருக்கு. இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். பத்தில் ஏறக்குறைய மூன்று பேருக்கு வந்தது என்றால், ஏழு பேருக்கு வரவில்லை. ஆனால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? இவ்வளவு பாதிப்பு இருந்தும், மற்ற செய்தியாளர்களைவிடப் போர்ச் செய்தியாளர்கள் அதிகமாகச் சிகிச்சைக்குப் போகவில்லை. அந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்திய வரி அதுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டேன்.

எத்தனை நாள் ஆகிறது? முதல் மாதத்தில் சரியான வழி ஒன்று, மூன்றாவது மாதத்தில் வேறு.

பலன் தருவதற்கு ஆதாரம் உண்டா? நண்பருக்குப் பலித்தது என்பது ஆதாரம் ஆகாது. செய்தியில் ஒற்றை ஆளின் பேச்சை எவ்வளவு நம்புவோமோ அவ்வளவுதான் இங்கேயும்.

யார் காதுக்குப் போகும்? "அவனுக்கு மனசு சரியில்லையாம்" என்று ஒருமுறை பேச்சு கிளம்பினால் அடுத்த பயணப் பட்டியலில் பேர் வராது என்ற பயம் நியாயமானது. நம் தொழிலில் இன்னொன்றும் இருக்கிறது. சிகிச்சையில் நீங்கள் சொல்லும் கதைக்குள் உங்கள் தகவலாளர்களின் பெயர்களும் இருக்கும்.

வெளியில் தெரியாத செலவு என்ன? கட்டணம் மட்டும் செலவில்லை. சிகிச்சையின் முதல் சில வாரங்களில் தூக்கம் இன்னும் கெடலாம். அதற்கும் நாட்கள் ஒதுக்க வேண்டும்.

உங்களை அரிப்பது பயமா, குற்ற உணர்வா? ஒரு சம்பவமா, பத்து வருடமா? இதை யாரும் ஆரம்பத்தில் கேட்பதில்லை. ஆனால் எந்தச் சிகிச்சை என்பதை இதுதான் தீர்மானிக்கும். ஐரோப்பாவுக்கு வந்த அகதிகளைப் பற்றிச் செய்தி சேகரித்த 80 செய்தியாளர்களை ஆராய்ந்து 2017இல் வந்த அறிக்கை ஒன்று, அவர்களிடம் முக்கியமாகக் கண்டது தார்மீகக் காயத்தை, அதாவது மனசாட்சிக்கு மாறாக நடந்துவிட்டோமோ என்று அரிக்கும் வலியை. படகிலிருந்து குழந்தையைத் தூக்குவதா, கேமராவைத் தூக்குவதா என்று நின்ற அந்த நொடி. அது பயத்தால் வருவதில்லை. பயத்துக்குத் தரும் மருந்து அதற்கு அப்படியே பொருந்தாது.

## ஒன்று: காத்திருந்து கவனிப்பது

முதல் நான்கு வாரத்துக்கு, அறிகுறிகள் தாங்கக்கூடிய அளவில் இருந்தால், இது நல்ல வழி. மருத்துவ வழிகாட்டிகளே இதைச் சொல்கின்றன. பெரும்பாலானோருக்கு இந்தக் காலத்தில் தானாகவே குறைந்துவிடும். கெட்ட கனவும் திடுக்கிடலும் முதல் இரண்டு வாரத்தில் இருந்தால் உங்கள் உடம்பு இன்னும் களத்திலிருந்து முழுசாகத் திரும்பவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

ஆனால் காத்திருப்பதும் கண்டுகொள்ளாமல் விடுவதும் வேறு வேறு. காத்திருப்பது என்றால் காலண்டரில் ஒரு தேதியை வட்டமிட்டு, அன்றைக்குத் தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பது. இதற்கு பி.சி.எல்.-5 என்ற இருபது கேள்விப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. மதிப்பெண் 0 முதல் 80 வரை. 31 முதல் 33 வரைக்குள்ளோ அதற்கு மேலோ வந்தால் நிபுணரிடம் காட்ட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். அது நோயை உறுதி செய்யாது, கதவைத் தட்டச் சொல்லும்.

இதன் மறைமுகச் செலவு குடி. ஃபைன்ஸ்டீன் ஆய்விலேயே போர்ச் செய்தியாளர்கள் மற்றவர்களைவிட அதிகம் குடித்தார்கள். காத்திருக்கும் நாட்களில் தூங்குவதற்காக எடுக்கும் இரண்டு கிளாஸ், கனவை நிறுத்தாமல் தூக்கத்தின் தரத்தை மட்டும் கெடுக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பிரச்சினை இரண்டாகியிருக்கும்.

மேசையில் காட்சி பார்ப்பவர்கள் காத்திருப்பதென்றால் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 2014இல் 116 செய்தியறை ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு அடிக்கடி பார்த்தார்கள் என்பதே பாதிப்போடு அதிகம் சேர்ந்து நின்றது. அதனால் நாள் முழுக்கத் துளித்துளியாகப் பார்ப்பதைவிட, ஒரே நேரத்தில் உட்கார்ந்து முடித்துவிட்டு எழுந்து போவது மேல். திரையில் காட்சி ஓடும் ஜன்னலைச் சின்னதாக்குங்கள். தேவையில்லாதபோது ஒலியை அணைத்துவிடுங்கள். என்னைப் பொறுத்தவரை படத்தைவிட ஒலிதான் கூடவே வீட்டுக்கு வந்தது. ஒரு காட்சியில் இடிபாட்டுக்கு அடியில் யாருடைய போனோ அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு சாதாரண ரிங்டோன். அதே ரிங்டோன் பஸ்ஸில் கேட்டு, இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே நான் இறங்கியிருக்கிறேன்.

உள்ளூர் உதவியாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் இந்த வழியே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். காத்திருப்பது பலிக்க, ஆபத்து முடிந்திருக்க வேண்டும். அவர்கள் திரும்பிப் போகிற வீடு அதே ஊரில்தான் இருக்கிறது.

## இரண்டு: தொழில் நண்பர்களிடம் பேசுவது

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பக்கூடாது.

ஒன்று, பயிற்சி பெற்ற சக ஊழியர். பிரிட்டனின் ராயல் மரீன்ஸ் படையில் உருவான டிரிம் என்ற முறையை பிபிசி தன் ஊழியர்களுக்காக எடுத்துக்கொண்டது. சம்பவத்துக்குப் பிறகு சில நாளில் ஒரு பேச்சு, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மறுபடி ஒன்று. எதிரில் உட்காருபவர் சக ஊழியர்தான், மருத்துவர் கிடையாது. அவர் வேலை குணப்படுத்துவது இல்லை. முதல் பேச்சுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஆள் தேறுகிறாரா, இன்னும் இறங்குகிறாரா என்று பார்த்து, இறங்கினால் நிபுணரிடம் அனுப்புவது. அந்த அளவுக்கு இது நல்ல ஏற்பாடு. "இது உனக்கு மட்டும் இல்லப்பா" என்பதை அதே இடத்தில் நின்றவர் வாயால் கேட்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

இரண்டாவது, திரும்பி வந்த மறுநாளே எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து "என்ன பார்த்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள்" என்று கட்டாயமாகக் கொட்ட வைப்பது. டீபிரீஃபிங் என்பார்கள். நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள், ஆனால் ஆதாரம் இதற்கு எதிராக இருக்கிறது. தீக்காயம் பட்டவர்களிடம் 1997இல் நடந்த ஒரு சோதனையில், இப்படி ஒருமுறை பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு 13 மாதம் கழித்து பி.டி.எஸ்.டி. இருந்தது. பேச வைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் என்ற அமைப்பு இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. உங்கள் ஆசிரியர் இப்படி ஒரு கூட்டம் போட்டால் மரியாதையாக மறுத்துவிடலாம். மறுப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

நண்பர்களிடம் பேசுவதன் செலவு என்னவென்றால், கேட்பவரும் சுமக்கிறார். அவருடைய பையும் ஒருவேளை பிரிக்கப்படாமல் இருக்கலாம்.

## மூன்று: அலுவலகம் ஏற்பாடு செய்த ஆலோசகர்

உடனே கிடைக்கும், காசு கேட்க மாட்டார்கள். தூக்கம், வீட்டில் சண்டை, திரும்பி வந்த பிறகான வெறுமை ஆகியவற்றுக்கு இது போதும். மற்றபடி முதல் கதவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம், இவற்றில் பெரும்பாலும் சில அமர்வுகள்தான் தருவார்கள். பி.டி.எஸ்.டி.க்கான முழுச் சிகிச்சை அதற்குள் அடங்காது. பாதிக் காயத்தைத் திறந்துவிட்டு "உங்க கணக்கு முடிஞ்சது" என்று சொன்னால் போகாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். ஆலோசகருக்கு அதிர்ச்சி சிகிச்சையில் பயிற்சி இல்லாமலும் போகலாம். ஒரு செய்தியாளர் என்னிடம் சொன்னார்: அவர் சவக்கிடங்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் ஆலோசகர் அழுதுவிட்டாராம். மீதி நேரம் இவர் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார். அடுத்த முறை போகவில்லை.

ரகசியம் பற்றி நேரடியாகக் கேளுங்கள்: நான் வந்தேன் என்பது நிர்வாகத்துக்குத் தெரியுமா? பெயரோடு அறிக்கை போகுமா, மொத்த எண்ணிக்கை மட்டும் போகுமா? குறிப்புகள் யாரிடம் இருக்கும்? எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அலுவலகத்துக்குத் தெரியாமலே வைத்திருப்பது எப்போதும் பாதுகாப்பு ஆகாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2019இல், பத்தாண்டு குற்றச் செய்தி எழுதிய ஒருவருக்கு வந்த பி.டி.எஸ்.டி.க்கு அவருடைய நாளிதழ் நிறுவனமே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. தன்னால் முடியவில்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். வேலை உங்களைப் பாதிக்கிறது என்பதை ஒரு மின்னஞ்சலிலாவது தேதியோடு பதிவு செய்வது, எதிர்காலத்தில் உங்களுக்கு உதவும்.

## நான்கு: அதிர்ச்சிக்கென்றே உள்ள உளசிகிச்சை

ஒரு மாதம் தாண்டியும் அறிகுறி நிற்கிறது, வாழ்க்கை சுருங்கிக்கொண்டே வருகிறது என்றால், மற்ற எதற்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன். உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டன், அமெரிக்க வழிகாட்டிகளும் இந்த வகைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றன. அமெரிக்கப் படையினருக்கான 2023 வழிகாட்டி மருந்தைவிட இதற்கே முதலிடம் தருகிறது. சும்மா மனம்விட்டுப் பேசும் ஆலோசனை வேறு, இது வேறு. இதற்குள்ளேயே நாலு பாதை இருக்கிறது.

நீடித்த எக்ஸ்போஷர். எட்னா ஃபோவா உருவாக்கியது. பொதுவாக 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம் வரை. நடந்ததைக் கண்ணை மூடி, இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து தருவார்கள், தினமும் வீட்டில் கேட்க வேண்டும். கூடவே, தவிர்த்து வந்தவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது. எங்கள் ஒளிப்பதிவாளர் கடைசியில் இதற்குத்தான் போனார். அவருடைய முதல் வீட்டுப்பாடம் அந்தப் பைதான். முதல் வாரம் ஜிப்பை மட்டும் திறக்க வேண்டும், எதையும் வெளியே எடுக்கக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, படபடப்பு பாதியாகக் குறையும்வரை எழுந்து போகக்கூடாது. முதல் நாள் ஐம்பது நிமிடம் ஆனதாம்.

செய்தியாளர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். நாம் சொல்வதில் தேர்ந்தவர்கள். எத்தனை பேர் இறந்தார்கள், எந்தத் தெரு, எத்தனை மணி என்று அறிக்கை வாசிப்பதுபோல ஒப்பித்துவிடுவோம். குரல் நடுங்காது. கேட்பவர் "நல்லா எதிர்கொள்றீங்க" என்று ஏமாந்துவிடலாம். அந்த அறிக்கைக் குரலே தவிர்ப்பின் ஒரு வகை. அதைத் தெரபிஸ்டிடம் நீங்களே முதல் நாள் சொல்லிவிட்டால் பல வாரம் மிச்சமாகும்.

எண்ணங்களைச் சோதிக்கும் சிகிச்சை. காக்னிட்டிவ் ப்ராசசிங் தெரபி என்பார்கள். பாட்ரீசியா ரெசிக் உருவாக்கியது. ஏறக்குறைய 12 அமர்வு, நிறைய எழுத்து வேலை. "நான் அந்த ஓட்டுநரை வரச் சொல்லாமல் இருந்திருந்தால்" என்று மனம் சிக்கிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை எடுத்து, ஆதரவாக என்ன சான்று, எதிராக என்ன சான்று என்று தாளில் எழுதிப் பார்ப்பது. உங்களை அரிப்பது குற்ற உணர்வென்றால் இதை முதலில் பார்க்கச் சொல்வேன். சான்றுகளைச் சரிபார்ப்பது நமக்குக் கைவந்த வேலை. நம்மீதே அதைச் செய்வதுதான் பழக்கமில்லை.

ஈ.எம்.டி.ஆர். 1980களின் கடைசியில் பிரான்சின் ஷபிரோ உருவாக்கியது. நினைவை மனதில் வைத்துக்கொண்டு தெரபிஸ்டின் விரல் அசைவைக் கண்ணால் தொடர்வது. கண் அசைவு உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு, ஆனால் சிகிச்சை மொத்தமாகப் பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நமக்கு இதில் ஒரு பெரிய வசதி: நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. தகவலாளரின் அடையாளத்தை வெளியே விட முடியாதவருக்கும், வீட்டுப்பாடத்துக்கு நேரம் இல்லாதவருக்கும் பொருந்தும்.

வாழ்க்கைக் கதை சிகிச்சை. நேரட்டிவ் எக்ஸ்போஷர் என்று பெயர். ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் போர் அகதிகளுக்காக உருவானது. தரையில் ஒரு கயிற்றைப் போடுவார்கள், அதுதான் உங்கள் வாழ்க்கை. நல்ல சம்பவத்துக்கு ஒரு பூ, கெட்டதற்கு ஒரு கல். பிறகு பிறந்ததிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வர, தெரபிஸ்ட் எழுதுவார். அடுத்த முறை வாசித்துக் காட்டித் திருத்துவார். முடிவில் அந்த ஆவணம் உங்கள் கையில். ஒரே ஒரு சம்பவம் என்று விரல் வைக்க முடியாமல் பத்து வருடப் போர்கள் ஒன்றோடொன்று கலந்து போனவர்களுக்கு இது பொருத்தம். உகாண்டாவின் அகதி முகாமில், வாழ்க்கை இன்னும் நிலைபெறாத மக்களிடம் இதைச் செய்து பலன் கண்டிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற சாதாரண மக்களே நடத்தியும் இருக்கிறார்கள். அதனால் ஆபத்து முடியாத ஊரில் வாழும் உள்ளூர்ச் செய்தியாளருக்கும் உதவியாளருக்கும் நான் இதையே சொல்வேன்.

இந்த நான்குக்கும் பொதுவான செலவு நேரம். இரண்டு மூன்று மாதம் பயணம் போகாமல் இருக்க வேண்டும். நடுவில் விட்டால் முதல் பாதியின் வலி மட்டும் மிஞ்சும். முதல் சில வாரம் கனவு அதிகமாகலாம், வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தகவலாளர் பெயர்களை மாற்றிச் சொல்லுங்கள், சிகிச்சைக்கு அது எந்தத் தடையும் இல்லை. சுயேச்சையாக வேலை செய்பவர்களுக்குக் கட்டணம்தான் பெரிய தடை. 1993இல் மாஸ்கோவில் கொல்லப்பட்ட ஒளிப்பதிவாளரின் பெயரால் இயங்கும் ரோரி பெக் டிரஸ்ட், சுயேச்சைச் செய்தியாளர்களின் உளசிகிச்சைக்கு உதவி செய்திருக்கிறது. விசாரித்துப் பாருங்கள்.

## ஐந்து: மருந்து

செர்ட்ரலின், பராக்சிட்டின் இரண்டும்தான் பி.டி.எஸ்.டி.க்கென்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அங்கீகாரம் பெற்றவை. வென்லஃபாக்சினையும் வழிகாட்டிகள் சொல்கின்றன. பலன் தெரியப் பல வாரம் ஆகும். மனச்சோர்வும் கூடவே இருப்பவருக்கு, நல்ல தெரபிஸ்ட் கிடைக்காத இடத்தில் இருப்பவருக்கு, சிகிச்சை அறையில் உட்காரும் தெம்புகூட இல்லாதவருக்கு இது நல்ல தேர்வு. மருந்தையும் உளசிகிச்சையையும் சேர்த்தும் செய்யலாம்.

களத்துக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியது, கையிருப்பு. பராக்சிட்டினோ வென்லஃபாக்சினோ திடீரென்று நின்றால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட ஊரில் மருந்துக்கடை திறந்திருக்காது. எந்த மருந்து என்று மனநல மருத்துவரோடு பேசும்போதே உங்கள் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுங்கள்.

தூக்கத்துக்காக டயஸெபம், அல்ப்ரஸோலம் வகை மாத்திரைகளை நண்பரிடம் வாங்கிப் போடாதீர்கள். பி.டி.எஸ்.டி.க்கு அவை வேண்டாம் என்று வழிகாட்டிகள் தெளிவாகச் சொல்கின்றன. பழக்கமாகிவிடும், குடியோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எப்போது | ஆதாரம் | யாருக்குத் தெரியும் | தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| காத்திருப்பது | முதல் 4 வாரம், தாங்கும் அளவில் | முதல் மாதத்துக்கு நல்லது | யாருக்கும் இல்லை | குடி, தள்ளிப்போடல் |
| சக ஊழியர் | எப்போதும், துணைக்கு | கைகொடுக்கும், குணப்படுத்தாது | அந்த ஒருவருக்கு | கேட்பவரின் சுமை |
| அலுவலக ஆலோசகர் | முதல் கதவாக | பயிற்சியைப் பொறுத்தது | கேட்டு உறுதி செய்யவும் | பாதியில் முடிதல் |
| உளசிகிச்சை | ஒரு மாதம் தாண்டினால் | வலுவானது | தெரபிஸ்டுக்கு | 2–3 மாதம், ஆரம்ப வலி |
| மருந்து | மனச்சோர்வு இருந்தால், தெரபி கிடைக்காவிட்டால் | மிதமானது | மருத்துவருக்கு | திடீர் நிறுத்தம், பக்கவிளைவு |

## யாரும் கேட்காமலே தேர்ந்தெடுக்கும் ஆறாவது வழி

மறுபடி களத்துக்கே போவது. அட்டவணையில் இதற்கு இடம் கொடுக்கவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தவர்களில் அதிகம் பேர் எடுத்த வழி இதுதான். "அங்கதான் எனக்கு நிம்மதியா இருக்கு" என்பார்கள். பொய் இல்லை. எப்போதும் விழிப்பாக இருக்கும் உடம்புக்கு, விழிப்பு தேவைப்படுகிற இடம் பொருந்திப் போகிறது. வீட்டில் நோயாகத் தெரிவது அங்கே திறமையாகத் தெரியும். ஆசிரியரும் பாராட்டுவார், நல்ல செய்தி வரும். அதனால்தான் இதை யாரும் தடுப்பதில்லை. அங்கே தவறான கணிப்பின் விலை என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டவரின் கணிப்பு சரியாக இருக்காது. அவரோடு அதே வண்டியில் ஓட்டுநரும் மொழிபெயர்ப்பாளரும் இருக்கிறார்கள்.

நான் பொறுப்பில் இருந்த காலத்தில் இப்படிக் கேட்டு வந்த இரண்டு பேரை அனுப்பியிருக்கிறேன். அனுப்பியிருக்கக்கூடாது.

திரும்பிப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. சிகிச்சை முடிந்து போய் நன்றாக வேலை செய்கிறவர்கள் உண்டு. போர்ச் செய்தியை விட்டு வேறு பகுதிக்கு மாறி நிம்மதியானவர்களும் உண்டு. ஆனால் மாறுவது மட்டுமே சிகிச்சை ஆகாது, கனவுகள் துறை பார்த்து வருவதில்லை. முதலில் சிகிச்சை, பிறகு பயண முடிவு என்ற வரிசைதான் முக்கியம்.

## தெரபிஸ்டுக்கு முதல் போன் செய்யும்போது

வேலை தேடுபவரிடம் ஆசிரியர் கேட்பதுபோல நீங்கள்தான் கேட்க வேண்டும், வெட்கப்படாதீர்கள். பி.டி.எஸ்.டி.க்கு எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்? படையினர், தீயணைப்பு வீரர்கள், அகதிகள் என்று யாருக்காவது சிகிச்சை தந்திருக்கிறீர்களா? எத்தனை அமர்வு, எதை வைத்து முன்னேற்றத்தை அளப்பீர்கள்? நான் பெயர்களை மாற்றிச் சொன்னால் பரவாயில்லையா? உங்கள் குறிப்புகளை யாராவது கேட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டு பேரிடமாவது பேசிவிட்டு முடிவெடுங்கள். முதல் அமர்விலேயே ஒத்துவரவில்லை என்று தோன்றினால் அந்த முறையைக் கைவிட வேண்டாம், ஆளை மாற்றுங்கள்.

எங்கள் ஒளிப்பதிவாளருக்கு மொத்தம் பதினான்கு அமர்வு ஆனது. நடுவில் இரண்டு முறை விட்டுவிடப் பார்த்தார், மனைவிதான் விடவில்லை. பத்து மாதம் கழித்து ஒன்பது நாள் பயணம் ஒன்றுக்குப் போனார். திரும்பும் தேதியை மாற்றக்கூடாது என்று ஆசிரியரிடம் எழுதி வாங்கிக்கொண்டார். கிளம்புவதற்கு முன்னாலேயே, வந்து சேர்ந்த மறுநாளைக்கு என்று தெரபிஸ்டிடம் ஒரு நேரமும் வாங்கி வைத்திருந்தார்.